பாட்டிலுக்குத் தமிழ், மாத்திரைக்கு இங்கிலீஷா?

ஒரு மாதமாக இந்தப் பக்கம் எதுவும் எழுதவில்லை. செமஸ்டர் லீவில் ஊரில் இருந்தேன். திரும்பி வந்ததும் கிரிக்கெட் பற்றி ஒரு மொக்கை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது. எனவே இது கோபமான பதிவு, கொஞ்சம் நீளமான பதிவும்கூட. பி.பார்ம் படிக்கும் என் வகுப்பு நண்பர்கள் கட்டாயம் கடைசி வரை படிக்கவும். ஏனென்றால் திட்டு கடைசியில்தான் வருகிறது, அதுவும் நமக்கு :)

முதலில் எங்கள் அப்பத்தாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கம். 1991-ல் மாவட்டம் முழுக்க அறிவொளி இயக்கம் நடந்தபோது அப்பத்தாவுக்கு நாற்பது வயசு. அதுவரை கைநாட்டு. பகலில் கடலைக் காடு, ராத்திரியில் அரிக்கேன் விளக்கு வைத்து அ, ஆ. கூடவே சைக்கிளும் கற்றுக்கொண்டது. புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டிய அந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து அப்பத்தா எழுத்தைக் கண்டால் விடாது. பஸ் போர்டு, கல்யாண பேனர், மளிகை கட்டி வந்த பேப்பர், சோப்பு உறை, எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படிக்கும். "படிக்கத் தெரிஞ்சவளை ஒருத்தனும் ஏமாத்த முடியாது" என்பது அதன் கொள்கை.

அந்தக் கொள்கையைத் தோற்கடித்தது ஒரு மாத்திரை அட்டை.

ஐயாவுக்கு (அப்பாவின் அப்பா) போன வருடம் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. எலும்புக்கும் கொஞ்சம் போயிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, தினம் ஒரு மாத்திரை. மாத்திரையின் பெயர் பைகலூட்டமைட், 50 மில்லிகிராம். காலையில் நீராகாரம் குடித்ததும் அப்பத்தா எடுத்துக் கொடுக்கும். ஒரு நாள் தவறாது.

மூன்றாவது மாதம் ஐயாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "வயசாச்சுல்ல" என்றார்கள். அசதி என்று படுத்தே கிடந்தார். "அந்த வியாதி அப்படித்தான்" என்றார்கள். பிறகு கண் மஞ்சளானது. இது எல்லோருக்கும் தெரிந்த நோய், காமாலை. பக்கத்து வீட்டில் கீழாநெல்லி பறித்து அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை. ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளும் காலையில் மாத்திரை மட்டும் நிற்கவில்லை. "அது பெரிய வியாதி மாத்திரை, நிறுத்தவே கூடாதுன்னு சொல்லியிருக்காக."

இதில் என் பங்கும் இருக்கிறது. அம்மா போனில் "ஐயாவுக்குக் காமாலைடா" என்றபோது, "டாக்டர்ட்ட காட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் அதற்கு முந்தைய செமஸ்டர் தேர்வில் அந்த வகை மருந்துகளின் பக்கவிளைவுகளை எழுதச் சொல்லி ஒரு கேள்வி வந்தது. கல்லீரல் பாதிப்பு என்று முதல் வரியில் எழுதினேன். இரண்டு மார்க். முழுசாகக் கிடைத்தது.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது ஒரு நர்ஸ் அக்காதான் கேட்டது: "வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க? அட்டையைக் கொண்டாங்க." எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. நாற்பது சொச்சத்துக்குள் இருக்க வேண்டியது. மாத்திரையை அன்றைக்கே நிறுத்தினார்கள். இரண்டு மாதத்தில் எல்லாம் இறங்கிவிட்டது. ஐயா இன்று ஊசியோடு மட்டும் நன்றாக இருக்கிறார், திண்ணையில் உட்கார்ந்து என்னைத் திட்டுகிறார். எனவே இது சாவுக் கதை இல்லை. ஆனால் அந்த நர்ஸ் அக்கா லீவில் இருந்திருந்தால்?

எந்த ஆஸ்பத்திரி, எந்த மெடிக்கல் என்று சொல்லப் போவதில்லை. ஒரு கடையைத் திட்டிவிட்டு ஆறிப்போகிற விஷயம் இல்லை இது.

இது புதுசா? இல்லவே இல்லை

புராஸ்டேட் புற்றுநோய் ஆண் ஹார்மோனைத் தின்று வளர்கிறது. ஹார்மோனை வெட்டினால் நோய் சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ல் காட்டினார். 1966-ல் அதற்கு நோபல் பரிசும் வாங்கினார். பிறகு அறுவை சிகிச்சை இல்லாமலே ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகள் வந்தன. அதில் முக்கியமான ஒன்று புளூட்டமைட். அமெரிக்காவில் 1989-ல் அனுமதி கிடைத்தது.

அதே வருடம் பிப்ரவரியிலிருந்து 1994 டிசம்பர் வரை, அந்த மாத்திரையால் கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் என்று அமெரிக்க மருந்து நிர்வாகத்துக்கு வந்த தகவல்கள் 46. அதில் 20 பேர் இறந்துபோனார்கள். பத்தாயிரம் பேர் சாப்பிட்டால் குறைந்தது 3 பேருக்கு இந்த அளவுக்கு முற்றும் என்று கணக்குப் போட்டார்கள். அதன்பின் அந்த மருந்தின் தாளில் கருப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை வந்தது. தொடங்கும் முன் கல்லீரல் பரிசோதனை, முதல் 4 மாதம் மாதாமாதம், அதற்கப்புறம் அவ்வப்போது. எஸ்.ஜி.பி.டி. இயல்பு அளவைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டினாலோ, கண் மஞ்சளானாலோ உடனே நிறுத்து. பாதிப்புகளில் ஏறக்குறைய பாதி முதல் 3 மாதத்துக்குள் வந்தவை என்றும் அதிலேயே இருக்கிறது.

ஐயாவுக்கு வந்தது மூன்றாவது மாதம். ஏதோ விதி, கிரகம் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். இந்த விதியை முப்பது வருடத்துக்கு முன்பே அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை.

இப்போது புளூட்டமைடின் இடத்தைப் பெரும்பாலும் பைகலூட்டமைட் பிடித்துவிட்டது. அமெரிக்காவில் 1995-ல் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கல்லீரல் விஷயத்தில் இது பழையதைவிட எவ்வளவோ மேல், நல்ல மருந்துதான். ஆனாலும் அரிதாகக் கல்லீரலை அடிக்கும், மரணம்கூட நடந்திருக்கிறது. அதே நான்கு மாத எச்சரிக்கை இதற்கும் உண்டு. 2011-ல் வந்த அபிராடெரோன் என்றால் இன்னும் கெடுபிடி. முதல் 3 மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, பிறகு மாதாமாதம். அதோடு வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும். கொழுப்பான சாப்பாட்டோடு விழுங்கினால் உடம்புக்குள் ஏறும் மருந்தின் அளவு பத்து மடங்கு வரை கூடும். "மாத்திரையைச் சாப்பிட்டுட்டுத்தான் போடணும்" என்று நம் வீடுகளில் ஒரு பொது விதி இருக்கிறதே, அந்த நல்ல விதி இங்கே ஆபத்து. இதை யாராவது தமிழில் சொன்னால்தானே தெரியும்?

ஏன் கல்லீரல் மாட்டுகிறது என்று ஒரு பத்தி, மெக்கானிக்கல் நண்பர்களுக்காக. குடலில் கரைகிற எதுவும் முதலில் போகிற இடம் கல்லீரல். அதுதான் சோதனைச்சாவடி. மருந்தை வேறு பொருளாக மாற்றி வெளியே அனுப்புவது அதன் வேலை. இந்த மாத்திரைகளை மாற்றும்போது நடுவில் சில முரட்டுப் பொருட்கள் உண்டாகின்றன. பெரும்பாலானவர்களின் கல்லீரல் அதைச் சமாளித்துவிடும். சிலருக்கு முடியாது, செல்கள் உடையும். உடைந்த செல்லிலிருந்து ரத்தத்துக்குள் கசிவதுதான் எஸ்.ஜி.பி.டி. யாருக்கு உடையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் கண் மஞ்சளாவதற்கு முன்பே ரத்தத்தில் அது ஏறுவதைப் பெரும்பாலும் பிடித்துவிடலாம். அதற்குத்தான் மாதாமாதப் பரிசோதனை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், வெளியே சில நூறு ரூபாய்.

ஆக வியாதி தெரியும், எப்போது வரும் என்று தெரியும், எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரியும், என்ன செய்வது என்றும் தெரியும். மாத்திரையை விழுங்குகிறவருக்கு மட்டும் தெரியாது!

எஸ்தோனியாவும் புதுக்கோட்டையும்

ஐரோப்பாவில் எஸ்தோனியா என்று ஒரு நாடு. மக்கள்தொகை சுமார் 13 லட்சம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001-ம் வருடச் சட்டப்படி, அங்கே விற்கிற ஒவ்வொரு மாத்திரைப் பெட்டிக்குள்ளும் நோயாளிக்கான தாள் அந்த நாட்டு மொழியில் இருக்க வேண்டும். கண் மஞ்சளானால் என்ன செய்வது என்று எஸ்தோனியக் கிழவி தன் மொழியில் படிக்கிறாள்.

2011 கணக்கெடுப்பின்படி புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகை 16 லட்சத்துக்கு மேல். நான் தமிழ்நாட்டைச் சொல்லவில்லை, ஒரு மாவட்டத்தைச் சொல்கிறேன்! இந்தியாவில் தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 6.9 கோடி. உலகத்துக்கே மாத்திரை செய்து அனுப்புகிற நாடு நம்முடையது. ஐரோப்பாவுக்குப் போகிற பெட்டியில் அந்தந்த ஊர் மொழியில் தாளை மடித்து வைக்கத் தெரிந்த நமக்கு, ஆலங்குடிக்குப் போகிற பெட்டியில் தமிழ்த்தாள் வைக்கத் தெரியவில்லை. வை என்று சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

"அட்டையில் இடம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். சிகரெட் பெட்டியில் இடம் கிடைத்ததே. 2016-லிருந்து 85 சதவீத இடத்தைப் படமும் எச்சரிக்கையும் பிடித்திருக்கின்றன. டாஸ்மாக் பாட்டிலிலும் இடம் கிடைத்ததே. கல்லீரலைக் கெடுக்கிற சாராயத்தில் தமிழில் எச்சரிக்கை உண்டு. குடிக்கிறவனுக்கு அது தெரிந்த விஷயம், இருந்தாலும் எழுதியிருக்கிறார்கள். கல்லீரலைக் கெடுக்கக்கூடிய மாத்திரையில் ஒரு தமிழ் எழுத்து கிடையாது. சாப்பிடுகிறவருக்கு அது தெரியாத விஷயம், ஆனாலும் எழுதவில்லை. இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

2023 ஆகஸ்டிலிருந்து அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் க்யூஆர் கோடு கட்டாயம் என்று வந்தது. ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச் நம்பர், காலாவதி தேதி தெரியும். போலி மருந்தைப் பிடிக்க நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் மருந்து அசலா போலியா என்று பார்க்க வழி செய்தவர்கள், அசல் மருந்தே என்ன செய்யும் என்று சொல்லவும் அதே கட்டத்தைப் பயன்படுத்தலாமே?

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. மருந்தால் பக்கவிளைவு வந்தால் பொதுமக்களே புகார் செய்ய, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். 2010-ல் தொடங்கி இப்போது காசியாபாத்திலிருந்து நடக்கும் திட்டம் அது. அந்தப் படிவம் தமிழிலும் இருக்கிறது. அதாவது கல்லீரல் கெட்டபின் எழுதித் தர வேண்டிய தாள் தமிழில், கெடாமல் காக்க வேண்டிய தாள் ஆங்கிலத்தில். அடேங்கப்பா!

தாத்தாக்கள் மட்டுமில்லை

இது வயசானவர்கள் சமாச்சாரம் என்று தாண்டிப் போக நினைக்கிற வகுப்புத் தோழிகளே, கொஞ்சம் நில்லுங்கள். முகத்தில் முடி, பரு, மாதவிடாய் தள்ளிப்போவது என்று போனால் எழுதித் தரப்படும் மாத்திரைகளில் சில இதே ஹார்மோன் தடுப்பு வகை. சைப்ரோடெரோன் 2 மில்லிகிராமோடு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை நம் ஊர் மெடிக்கல்களில் சர்வ சாதாரணம். கல்லீரல் நோய் முற்றியவர்கள் அதைத் தொடக்கூடாது. புற்றுநோய்க்காக 200, 300 மில்லிகிராம் என்று சைப்ரோடெரோன் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் செயலிழப்பு வரை போயிருக்கிறது. அளவு கூடக்கூட ஆபத்து கூடும் மருந்து அது. புளூட்டமைட் விஷயத்தில் அமெரிக்கத் தாள் நேரடியாகவே சொல்கிறது: இது ஆண்களுக்கு மட்டும், உயிருக்கு ஆபத்தில்லாத கோளாறுகளுக்காகப் பெண்களுக்குக் கொடுக்காதே என்று. பருவுக்கும் முடிக்கும் அதைச் சாப்பிட்ட இளம்பெண்கள் கல்லீரல் செயலிழந்து இறந்ததும், மாற்றுக் கல்லீரல் பொருத்தவேண்டி வந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. முகத்து முடிக்குக் கல்லீரல் விலையா?

அடுத்தது நாம் பேசவே பேசாத ஆட்கள், திருநங்கைகள். 2008-ல் இந்தியாவிலேயே முதல்முறையாக நலவாரியம் அமைத்த மாநிலம் என்று பெருமைப்படுகிறோம். சரிதான். ஆனால் மாவட்டங்களில் ஹார்மோன் சிகிச்சைக்கு எந்த டாக்டரிடம் போவது? போனால் முதலில் கிடைப்பது மருந்தா, கிண்டலா? அதனால் பலருக்கு மூத்தவர்கள் சொல்வதுதான் மருந்துச்சீட்டு. மெடிக்கலில் கருத்தடை மாத்திரை, சைப்ரோடெரோன் என்று வாங்கி, சீக்கிரம் பலன் வரட்டும் என்று இரண்டு மூன்றாகச் சேர்த்து விழுங்குகிறார்கள். சீட்டு இல்லாமல் வாங்கினால் ரத்தப் பரிசோதனை எழுதித்தரவும் ஆள் இல்லை. "சீட்டு இல்லாம கொடுக்காதே, பிரச்சினை முடிஞ்சது" என்பார்கள் நம் ஆட்கள். முடியாது சார். இந்தக் கடை இல்லையென்றால் அடுத்த கடை. மரியாதையாகப் பேசும் ஒரு டாக்டரும், மாவட்ட ஆஸ்பத்திரியில் வாரத்தில் ஒரு நாள் ஓ.பி.யும் இருந்தால்தான் முடியும். அதுவரைக்குமாவது எச்சரிக்கை தமிழில் இருக்கட்டும். ஹார்மோன் மாத்திரை ஒரு மனுஷிக்கு உயிர்மூச்சு மாதிரி முக்கியமாக இருக்கலாம். அதனாலேயேதான் அதை அவள் தெரிந்து சாப்பிட வேண்டும்.

வழக்கமான பதில்கள்

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வருகிற பதில்களையும் பார்த்துவிடுவோம்.

ஒன்று: "பக்கவிளைவைச் சொன்னால் பயந்து மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள்." இதை நான் மதிக்கிறேன், உண்மையான கவலைதான். புற்றுநோய் மாத்திரையைப் பயத்தில் நிறுத்தினால் நோய் ஏறும். ஆனால் பாதி விஷயம் சொல்வதால் வருவதுதான் பயம். "லிவர் போயிடும்" என்பது பயமுறுத்தல். "இன்ன அறிகுறி வந்தால் அன்றைக்கே வா, வராவிட்டால் நிம்மதியாகச் சாப்பிடு" என்பது வழிகாட்டல். எங்கள் அப்பத்தா பயத்தால் மாத்திரையை நிறுத்தவில்லை, விசுவாசத்தால் கொடுத்துக்கொண்டே இருந்தது. அந்த விசுவாசம்தான் ஐயாவைக் கொல்லப் பார்த்தது. காசநோய் மாத்திரைகளும் கல்லீரலைத் தாக்கக்கூடியவைதான். அதைக் கொடுக்கும்போது "கண்ணு மஞ்சளானா உடனே வாங்க" என்று சொல்லியனுப்புகிறார்கள். அதைக் கேட்டு நாட்டில் எல்லோரும் சிகிச்சையைத் தூக்கிப் போட்டுவிட்டார்களா என்ன?

இரண்டு: "பத்தாயிரத்தில் மூன்று பேர்தானே?" அந்த மூன்றில் உங்கள் ஐயா இல்லாதவரை அது சதவீதம். அதோடு அது பழைய புளூட்டமைட் கணக்கு, மருந்துக்கு மருந்து மாறும். எண்ணிக்கை குறைவாக இருப்பது பயப்படாமல் இருக்கக் காரணம், பரிசோதிக்காமல் இருக்கக் காரணம் அல்ல.

மூன்று: "டாக்டர் சொல்லியிருப்பார், இவர்கள் மறந்திருப்பார்கள்." இருக்கலாம். அரசு ஓ.பி.யில் வரிசை வாசல் வரை நிற்கும்போது ஒரு ஆளுக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும்? அதிலும் புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்த பிறகு சொன்ன எதுவும் மண்டையில் ஏறாது. மறப்பது மனித இயல்பு என்பதால்தானே எழுத்தையே கண்டுபிடித்தோம்?

நான்கு: "கீழாநெல்லி இருக்கும்போது என்ன பயம்?" ஐயா சாமி! காமாலை ஒரு நோயின் பெயர் இல்லை, கல்லீரல் தரும் அபாய விளக்கு. 1988-ல் சென்னையில் கீழாநெல்லி வகையை வைத்து ஆராய்ந்து லான்செட் இதழில் வெளியிட்டார்கள், உண்மைதான். அது ஹெபடைடிஸ் பி வைரஸ் பற்றியது. பிறகு செய்த ஆய்வுகள் பல அந்தப் பலனைக் காணவில்லை. எப்படியோ போகட்டும். வைரஸ் காமாலைக்குக் கேட்டாலும் கேட்காவிட்டாலும், தினம் காலையில் வாயில் போடும் மாத்திரையால் வந்த காமாலைக்கு முதல் வைத்தியம் அந்த மாத்திரையை நிறுத்துவது. ஒரு பக்கம் வீட்டுக்குத் தீ வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் தண்ணீர் ஊற்றினால்?

இப்போது நமக்கு

நண்பர்களே, கம்பெனியைத் திட்டியாச்சு, சட்டத்தைத் திட்டியாச்சு. இன்னும் ஒரு வருடத்தில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கப் போவது யார்? நாம்.

2015-ல் வந்த பார்மசி பிராக்டிஸ் விதிமுறைகள் படித்தோமே, நினைவிருக்கிறதா? மருந்து கொடுக்கும்போது அது எதற்கு, எப்படிச் சாப்பிடுவது, என்ன பக்கவிளைவு வரலாம், வந்தால் என்ன செய்வது என்று நோயாளியிடம் பேச வேண்டியது பார்மசிஸ்டின் கடமை என்று இருக்கிறது. நாம் நடைமுறையில் என்ன செய்கிறோம்? டிரெய்னிங் போன கடைகளில் என்ன பார்த்தோம்? கத்திரியால் அட்டையை நறுக்கி, பெயரும் தேதியும் எந்தத் துண்டில் போனது என்றுகூடப் பார்க்காமல், பழுப்புக் கவரில் போட்டு, மேலே 1-0-0 என்று கிறுக்கி, "அடுத்து யாருப்பா?" அவ்வளவுதான். சர்டிஃபிகேட் சுவரில் தொங்கும், அதன் சொந்தக்காரர் கடையில் இருக்கமாட்டார். இதைச் சொன்னால் நாளைக்கு எனக்கு வேலை கிடைக்காது, பரவாயில்லை.

அந்தப் பழுப்புக் கவரில் இடம் இருக்கிறது. நிறைய இடம். கீழே உள்ளதை அச்சடித்து ஒட்ட ஒரு ரூபாய் ஆகாது:

1. இது ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை. அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கும்.

2. தொடங்கும் முன்பும், பிறகு டாக்டர் சொல்லும் கணக்கிலும் கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். முதல் 4 மாதம் முக்கியம்.

3. கண் மஞ்சள், சிறுநீர் கட்டங்காப்பி நிறம், உடம்பு அரிப்பு, வாந்தி, சாப்பாடு வெறுப்பு, வலது விலாவுக்குக் கீழே வலி: இவை வந்தால் அடுத்த மாத்திரையைப் போடும் முன் டாக்டரிடம் போகவும். அன்றைக்கே.

4. போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்தையும் கையில் கொண்டு போகவும்.

நான்கே நான்கு வரி. இதற்கு ஆராய்ச்சி வேண்டாம், கமிட்டி வேண்டாம். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த அக்காக்களிடம் இந்த நான்கு வரியைக் கொடுத்து, "வீட்டில் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது இருந்தால் படித்துக் காட்டுங்கள்" என்று சொன்னால் போதும். மாவட்டத்துக்கு ஒரு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, 2017-லிருந்து. முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊர் வேறு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வலியில்தான் அவர் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கக் காரணமானார். அந்த ஊரில் புற்றுநோய்க்குத் தப்பித்த ஒருவர் புற்றுநோய் மாத்திரைக்குப் பலியாகக்கூடாது.

ஊரிலிருந்து கிளம்பும் முன் அப்பத்தா அந்தப் பழைய அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தது.

"இதுல என்னப்பா எழுதியிருக்கு?"

"மாத்திரை பேரு, கம்பெனி பேரு, விலை, தேதி. அவ்வளவுதான் அப்பத்தா."

"கண்ணு மஞ்சளானா நிறுத்துன்னு எழுதலையா?"

"இல்ல."

"எழுதியிருந்தா நான் படிச்சிருப்பேனே."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம். நன்றாக இருக்கிறவர்கள் தொடருங்கள், அடுத்த முறை போகும்போது "கல்லீரல் டெஸ்ட் எப்போ?" என்று மட்டும் கேளுங்கள். அபிராடெரோனோடு கொடுக்கும் பிரெட்னிசோலோனை நீங்களாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது, அது தனி ஆபத்து. பக்கவிளைவு எது வந்தாலும் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம். நான் ஐயாவுக்காகத் தெரிவித்துவிட்டேன். நாற்பத்தாறு பேர் கணக்கு யாரோ உட்கார்ந்து எழுதி அனுப்பியதால்தான் உலகத்துக்குத் தெரிந்தது.